குடி முந்தியதா, சோர்வு முந்தியதா?

எமது நாளிதழ்களின் உட்பக்கங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இடம்பெறும் செய்தியொன்று உண்டு. அளவில் ஆறேழு வரிகள். இன்ன ஊரைச் சேர்ந்த, இன்ன வயதுடைய குடும்பஸ்தர் ஒருவர் தவறான முடிவெடுத்து உயிரிழந்துள்ளார். அவர் மதுபோதைக்கு அடிமையாகியிருந்தமை ஆரம்பகட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளது. சடலம் உடற்கூற்றுப் பரிசோதனைக்காகப் போதனா வைத்தியசாலையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஊரின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், சென்ற மாதத்துச் செய்தியை இந்த மாதமும் அச்சேற்றலாம். அண்மைக் காலமாக 'மதுபோதை' என்ற இடத்தில் 'உயிர்கொல்லிப் போதைப்பொருள்' என்ற தொடர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வயதும் நாற்பத்தைந்திலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. மற்றபடி செய்தி அதேதான்.

இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தியும் தலைப்பிட்டும் வந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை தென்படுகிறது. 'அடிமையாகியிருந்தார்' என்ற சொல்லோடு விளக்கம் முடிந்துவிட்டதாக எழுதுபவரும் கருதுகிறார், வாசிப்பவரும் கருதுகிறார். குடித்தான், செத்தான் என்ற இரண்டு வினைமுற்றுகளுக்கும் இடையில் ஒரு நோய் இருந்திருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. அந்த நோய்க்கு மருத்துவத்தில் பெயருண்டு, இலக்கணம் உண்டு, பெரும்பாலும் மாற்றும் உண்டு. போதைப்பொருளினால் உண்டாகும் மனநிலைக் கோளாறு என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட தனது நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில் இதற்குத் தனியிடம் கொடுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது வகைப்பாட்டிலும் இது உண்டு.

நோய் என்று இங்கே சொல்வது எதை? இரண்டு வகை. ஒன்று மனச்சோர்வு. நாட்கணக்காக, வாரக்கணக்காக நீடிக்கும் துயரம், எதிலும் பிடிப்பின்மை, நித்திரைக் குழப்பம், பசியின்மை, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய யோசனை. எமது ஊர்களில் இதை யாரும் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவதில்லை. 'உடம்பெல்லாம் நோகுது', 'ஒரே யோசனையாய்க் கிடக்கு', 'நெஞ்சுக்குள்ளே ஏதோ அடைக்குது' என்றுதான் சொல்வார்கள். மற்றையது அதற்கு எதிர்முனையில் நிற்கும் பித்து நிலை. அளவு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, நித்திரையே தேவைப்படாத உடம்பு, கண்மண் தெரியாத செலவு, கோபம். முன்னையதை மது அதிகம் உண்டாக்குகிறது. பின்னையதை ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைனும் கொக்கெயினும் உண்டாக்குகின்றன. அவற்றின் வேகம் இறங்கும்போது முன்னையதும் சேர்ந்தே வரும்.

இதற்கான காரணம் மர்மமானதன்று. எங்கள் மூளையில் ஓட்டத்தைத் தணிக்கும் இரசாயனங்களும் உண்டு, ஓட்டத்தை முடுக்கும் இரசாயனங்களும் உண்டு. மது, தணிப்பவற்றுக்குத் துணைநின்று முடுக்குபவற்றை அடக்குகிறது. முதல் குவளையில் பதற்றம் அடங்கி நாக்கு இளகுவது அதனால்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் வெளியிலிருந்து இந்த உதவி கிடைத்தால், மூளை தன் பங்குக்குத் தணிப்பைக் குறைத்து முடுக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு மது இல்லாத வேளையெல்லாம் பதகளிப்பும் நடுக்கமும் எரிச்சலும்தான். இன்பத்தை உணர்த்துகின்ற டோபமைன் சுரக்கும் பாதையும் நாளடைவில் மங்கிவிடுகிறது. பிள்ளையின் சிரிப்போ, நல்ல சாப்பாடோ, திருவிழாவோ எதுவும் உறைப்பதில்லை. நித்திரைக்காகக் குடிப்பதாகச் சொல்பவர்கள் பலர். மது நித்திரையை விரைவில் கொண்டுவரும் என்பது உண்மை. பாதி இரவுக்கு மேல் அதைக் கலைத்துவிடும் என்பதும் உண்மை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடப்பவனுக்கு அந்நேரத்தில் வருகின்ற எண்ணங்கள் நல்ல எண்ணங்களாக இரா. மூன்று மணி விழிப்பு மனச்சோர்வு நோயின் பாடப்புத்தகக் குணங்குறிகளில் ஒன்றுங்கூட. இங்கேதான் வைத்தியருக்கும் சிக்கல் தொடங்குகிறது.

குடிப்பவன் சோர்ந்துபோயிருக்கிறான். அவன் சோர்வினால் குடிக்கிறானா, குடியினால் சோர்ந்தானா? குடிப்பவனைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வான். மனைவியைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளுள் என்னை மிகவும் கவர்ந்தது 1988 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் சன்ட்ரா பிரவுண், மார்க் ஷக்கிற் என்ற இருவர் செய்தது. குடிச் சிகிச்சைக்காக வந்து சேர்ந்த 191 ஆண்களின் மனநிலையை அவர்கள் வாரம் ஒருமுறை அளந்தார்கள். வந்து சேர்ந்த வாரத்தில் நூற்றுக்கு 42 பேரிடம் மருத்துவக் கவனிப்பு வேண்டிய அளவுக்கு மனச்சோர்வு காணப்பட்டது. நான்காவது வாரத்தில் அது நூற்றுக்கு 6 ஆகக் குறைந்துவிட்டது. குடியை நிறுத்தியதோடு பெரும்பாலானோரின் சோர்வு தானாகவே அகன்றுவிட்டது. உளமருத்துவர்கள் இன்று கையாளும் ஒரு மாதக் கணக்கு இத்தகைய அவதானிப்புகளிலிருந்து வந்ததுதான். குடியோ போதையோ நின்று ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் மனம் தெளிந்தால் நோய்க்குக் காரணம் அந்தப் பொருள். ஒரு மாதம் கழிந்த பின்னும் சோர்வு அப்படியே நின்றால், அல்லது குடி தொடங்குவதற்கு முன்னரே அது இருந்திருந்தால், அது தனியானதொரு நோய். அதற்குத் தனியான சிகிச்சை வேண்டும்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 1977 இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வொன்றும் உண்டு. அதனை நடத்திய டேவிட் பெர்கசனும் அவரது குழுவினரும் 2009 இல் எழுதியது, சோர்வு குடிக்கு இட்டுச்செல்வதைவிடக் குடி சோர்வுக்கு இட்டுச்செல்கிறது என்ற விளக்கமே தமது தரவுகளுக்கு அதிகம் பொருந்துகிறது என்பதாகும். 'கவலையை மறக்கக் குடிக்கிறேன்' என்ற எமது சினிமாக் கதாநாயகர்களின் தத்துவத்தை இது சற்று ஆட்டிப் பார்க்கிறது.

நூற்றுக்கு 42 என்பது நூற்றுக்கு 6 ஆனதைக் கேட்டு மகிழ்பவர்கள், அந்த மீதி ஆறு பேரை மறந்துவிடுவார்கள். நான் மறக்காமலிருப்பதற்குக் காரணம் உண்டு.

தொண்ணூறுகளில் கொழும்பில் நான் வேலைபார்த்த ஆசிரியபீடத்தில் இரவுக் கடமையும் குடியும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை. கடைசிப் பக்கம் அச்சுக்கு இறங்கிய பின்னர் எங்கே போவது என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு இருக்கும். அங்கே மூத்த உதவி ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் மொழிபெயர்ப்பில் மன்னன். தந்தியில் வரும் ஆங்கிலச் செய்தி அவர் கையில் பட்டால் தமிழிலேயே பிறந்தது போலாகிவிடும். ஆனால் காலை வேளைகளில் மனிதர் கல்லாக இருப்பார். பேச்சில்லை, சாப்பாடில்லை. 'நான் இருந்து என்ன காணப்போறன் தம்பி' என்பதே அவரது பல்லவி. குடும்ப வைத்தியர் ஒருவர் எத்தனையோ மாதங்களாக மனச்சோர்வுக்குக் குளிசை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் அந்தக் குளிசையைச் சாராயத்தோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு குடிக்கிறீர் என்று அந்த வைத்தியர் ஒருநாளும் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை. பிறகு மஞ்சட்காமாலை வந்து ஐந்து வாரம் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தார். அங்கே சாராயம் இல்லை. திரும்பி வந்தவரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் வந்து பகிடி விடுகிற மனிதர் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். குளிசையால் மாதக்கணக்காக ஆகாதது, வெறும் ஐந்து வாரத்தில் ஆகியிருந்தது.

மற்றவர் அவரைவிட இளையவர், யாழ்ப்பாணத்தார். அவர் குடியை விட்டது காமாலையினால் அல்ல, தன் விருப்பினால். நல்லூர்க் கந்தனிடம் நேர்த்தி வைத்து விட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு துளி தொடவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவரை முன்னுதாரணமாகக் காட்டினார்கள். குடும்பத்தார் ஆனந்தமாக இருந்தார்கள். அவர் மட்டும் ஆனந்தமாக இல்லை. வேலை மந்தமாயிற்று. சம்பளத்தை எண்ணாமலே சட்டைப்பைக்குள் வைப்பார். சிரிப்பதை விட்டுவிட்டார். குடியை விட்ட பிறகும் ஏன் மனிதர் இப்படி இருக்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. 'பழைய பழக்கம் இழுக்குது, போகப்போகச் சரிவரும்' என்பது அதற்கு வந்த பதில். ஆறாவது மாதத்தில் அவர் போய்விட்டார். எப்படி என்பதை எழுதுவது முறையன்று. அவர் குடியை விட்டுப் பெற்ற வெற்றியை ஊர் கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே அது நடந்தது. அவரது தாயாருக்கும் இதே சோர்வு இருந்தது, அவர் பதினெட்டு வயதிலேயே ஒருமுறை படிப்பைவிட்டு மாதக்கணக்கில் அறைக்குள் கிடந்தவர் என்பதெல்லாம் செத்தவீட்டில்தான் எங்கள் காதில் விழுந்தன. குடிக்கு முன்பே வந்த நோய் அது. குடி அதனை மூடி வைத்திருந்தது, குடி போனதும் அது தனியே நின்றது.

ஆகவே 'குடியை விட்டால் எல்லாம் சரி' என்று சொல்லும் ஊர்ப் பெரியவரும், குடியைப் பற்றிக் கேளாமலே குளிசை எழுதும் வைத்தியரும் ஒரே பிழையின் இரண்டு பாதிகளைச் செய்கிறார்கள் என்பது எனது கருத்து.

மனத்தைத் தேற்றவென்று கொடுத்த பொருளே மனத்தைக் கெடுத்த கதை மருத்துவ வரலாற்றிலும் உண்டு. சிக்மண்ட் பிராய்ட் தமது இளம்வயதில், 1884 இல், கொக்கெயினை வானளாவப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மனத்தளர்ச்சிக்கு அது நல்ல மருந்து என்றார். மோர்பின் பழக்கத்திலிருந்து மீட்கவும் உதவும் என்றார். மோர்பினுக்கு ஆளாகியிருந்த தமது நண்பரான ஏர்ன்ஸ்ட் பொன் பிளைஷ்ல் என்ற உடற்றொழிலியலாளருக்குக் கொக்கெயினைக் கொடுத்தும் பார்த்தார். நண்பர் கொக்கெயினுக்கும் அடிமையாகி, பெருந்துன்பப்பட்டு 1891 இல் இறந்தார். உளப்பகுப்பாய்வின் தந்தை என்று நாம் பல்கலைக்கழகத்தில் படித்த பிராய்டின் நூற்பட்டியலில் இந்த அத்தியாயத்தை எமது விரிவுரையாளர்கள் மெல்லத் தாண்டிப் போய்விட்டார்கள். ஐம்பதுகளில் இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்ட றிசேர்பின் என்ற மருந்தும் இங்கே நினைவுக்கு வருகிறது. அது எங்கள் ஆயுர்வேதம் அறிந்த சர்ப்பகந்தியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உட்கொண்டோரிற் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்ததாக அறிக்கைகள் வந்தன. அந்தத் தொடர்பு அன்று கருதப்பட்ட அளவுக்கு வலுவானதன்று என்று பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் கூறினாலும், மனநிலைக்கும் மூளை இரசாயனத்துக்கும் உள்ள உறவைத் தேட உலகைத் தூண்டியவற்றுள் அந்த அறிக்கைகளும் அடங்கும்.

இனி ஐஸ். வடக்கில் இன்று எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு ஐந்து நிமிடத்தில் இங்கே வந்துவிடுகிறது. யார் கொண்டுவருகிறார்கள், யார் பின்னால் இருக்கிறார்கள், யார் கண்டும் காணாமலும் விடுகிறார்கள் என்ற விவாதம் முடிவதேயில்லை. அந்த விவாதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கடத்தியவனைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசுகிற திண்ணையில், உட்கொண்டவனின் மூளைக்கு என்ன நடக்கிறது என்று இரண்டு நிமிடம் பேச ஆளில்லை. மெதம்பெற்றமைன் மூளையின் டோபமைன் இருப்பை ஒரேயடியாகக் கொட்டவைக்கிறது. இரண்டு மூன்று நாள் நித்திரையில்லாத உற்சாகம். சிலருக்குத் தம்மை எவரோ பின்தொடர்கிறார் என்ற ஐயம். பின்னர் சரிவு. நாள் முழுவதும் நித்திரை, அடங்காப் பசி, கூடவே அடியற்ற ஒரு வெறுமை. அந்த வெறுமை நாட்களிலிருந்து வாரங்களுக்கு நீளலாம். உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணம் தலைதூக்குவது இந்தச் சரிவுக் காலத்திலேதான். 'பொடியன் ஐஸை விட்டு ரெண்டு கிழமை, நல்லாய் நித்திரை கொள்ளுறான்' என்று தாய் நிம்மதியாகச் சொல்லும் அந்த இரண்டு கிழமை, ஆளைத் தனியே விடக்கூடாத இரண்டு கிழமை.

போரில் நொறுங்கிய ஒரு சமூகத்தில் இந்தப் பொருள் பரவுவது உலகில் இதுதான் முதன்முறையன்று. மெதம்பெற்றமைனை முதலில் தயாரித்தவரே ஜப்பானியர்தான். நாகாய் நாகயோஷி, 1893. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படையினருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் களைப்புத் தெரியாதிருக்க அது கொடுக்கப்பட்டது. 1945 இல் தோற்ற பின்னர் எஞ்சியிருந்த கையிருப்பு சந்தைக்கு வந்தது. வீடிழந்தவர்களும் வேலையற்ற இளைஞர்களும் அதனை வாங்கினார்கள். 1951 இல் தனிச்சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். 1954 இல் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள். அதே ஆண்டில் தமது உளநலச் சட்டத்தையும் திருத்தி, அடிமையானோரை வைத்தியசாலையில் அனுமதிக்க வழிசெய்தார்கள். கட்டாயப்படுத்தி அனுமதிப்பது சரியா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆயினும் கைதுப் பட்டியல் நீண்டுகொண்டிருந்தபோதே இதில் வைத்தியசாலைக்கும் ஓர் இடமுண்டு என்று அவர்களுக்குத் தோன்றியதைக் கவனிக்கிறேன்.

எமது நாட்டில் தோன்றியது வேறு. 1984 இல் ஹெரோயினுக்கு மரணதண்டனை வரை செல்லும் சட்டத்திருத்தம் வந்தது. 2022 இல் ஐஸும் அச்சட்டத்தில் சேர்ந்தது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென இயற்றப்பட்டது. பெயரிலே சிகிச்சை முன்னுக்கு நிற்கிறது. நடைமுறையில் நீதிமன்றக் கட்டளை பெற்று இளைஞர்கள் போய்ச் சேர்ந்தது பொலன்னறுவையின் கந்தக்காடு போன்ற முகாம்களுக்கு. அவற்றை நடத்தியது புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகம். 2009 இன் பின்னர் முன்னாள் போராளிகளைப் 'புனர்வாழ்வு' செய்த அதே பணியகம், அதே படையதிகாரிகள், அதே காலைநேர அணிவகுப்பு. ஆயுதம் ஏந்தியவனுக்கும் ஐஸ் புகைத்தவனுக்கும் ஒரே வைத்தியம் என்று கருதிய நிர்வாக மூளையை வியக்காமலிருக்க முடியவில்லை. 2022 ஜூன் மாதத்தில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதாகினர், தொலைக்காட்சிகள் அதனை நேரலைக் காட்சியாக்கின. கைதானவர்களில் எத்தனை பேர் சரிவுக் காலத்தின் வெறுமையில் இருந்தார்கள் என்று எந்தச் செய்தியாளர் மாநாட்டிலும் எவரும் கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

கட்டாய நிறுத்தம் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐஸை விட்டவனை அச்சுறுத்துவது மனம். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவன் திடீரென விடும்போது உடலே அச்சுறுத்துகிறது. விட்ட முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், வலிப்பும் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றலும் மாயத்தோற்றங்களும் கடுங்காய்ச்சலும் சேரும். சிகிச்சையில்லாவிடின் அது உயிரைப் பறிக்கக்கூடியது. பி1 விற்றமின் குறைவினால் மூளை நிரந்தரமாகச் சேதமடைவதும் உண்டு. மகனை அறைக்குள் பூட்டிவைத்துக் குடியை விடச்செய்த தகப்பன்மாரையும், ஆளைக் கட்டி ஆலய மண்டபத்தில் கிடத்தி நூல் கட்டுவித்தவர்களையும் நான் அறிவேன். அவர்களது நோக்கத்தில் குறையில்லை. கோயிலிலும் தேவாலயத்திலும் எனக்குப் பகையுமில்லை. நேர்த்தி வைப்பவர்கள் முதல் ஐந்து நாட்களை வைத்தியசாலையில் கழித்துவிட்டு வைக்கட்டும் என்பதே எனது வேண்டுதல்.

இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு காலத்தில் உலகின் உச்சியில் நின்றது. 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபோது அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. உலகமே எடுத்துக்காட்டாகக் கூறும் சாதனை. ஆயினும் அந்தச் சாதனை, கைக்கு எட்டிய நஞ்சைத் தள்ளிவைத்த சாதனை. அந்த நஞ்சை நோக்கிக் கையை நீட்டவைத்த மனநிலையை அது தொடவில்லை. இன்றும் இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைவிடப் பன்மடங்கு. நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் ஆண்களில் பெருந்தொகையினர் அந்த நேரத்தில் குடித்திருந்தவர்கள் என்பது இந்நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக எழுதிவருவது. குடி சோர்வையும் தருகிறது, அந்தச் சோர்வு சொல்வதைச் செய்யத் துணிவையும் தருகிறது.

அரசுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. 2006 இல் 'மதட்ட தித' என்று போதைக்கு முற்றுப்புள்ளி வைக்கப் புறப்பட்டார்கள். புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையையும் அதே ஆண்டில் சட்டம் இயற்றி அமைத்தார்கள். விளம்பரங்கள் ஒழிந்தன, அது உண்மையான நன்மை. மதுவரித் திணைக்களத்தின் வருமானமோ 2024 இல் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. வரியை உயர்த்துவது குடியைக் குறைக்கும் என்பதை ஏற்கிறேன். அவ்வாறு வந்த பணத்தில் ஒரு துளியாவது மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளுக்குச் சொட்டியிருந்தால் இன்னும் மகிழ்ச்சியாக ஏற்பேன். வடக்கில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு போர்க்காலத்தில் போதிய வசதியின்றி இயங்கியதை அறிந்தவர்களுக்கு இந்த ஆதங்கம் விளங்கும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எவ்வாறு தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே நோயாக்கியது என்று 1998 இல் நூலே எழுதினார். அந்நோயைத் தாமே ஆற்றிக்கொள்ளப் பலர் கண்ட மருந்துதான் போத்தலில் இருக்கிறது. மலையகத்தில் லயத்துக்கு அருகே தவறணையை வைத்துக் கூலியைத் திரும்பப் பறித்த கதை இன்னும் பழையது. அதற்குத் தனியாக எழுதவேண்டும்.

இந்தப் பத்தியை வாசிப்பவர்களிற் பெரும்பாலானோர் வெளிநாடுகளில் இருப்பவர்கள் என்பதை எனக்கு வரும் மின்னஞ்சல்கள் சொல்கின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இரண்டு வேலை செய்து, இரவு நிலவறையில் தனியே போத்தலைத் திறக்கும் அண்ணன்மாரைப் பற்றி நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். 'அண்ணாவுக்கு குளிர்காலத்தில் கொஞ்சம் கூடும்' என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். எது கூடும் என்று எழுதவில்லை. குடியா, சோர்வா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாதிருந்திருக்கலாம். அங்கேயுள்ள வைத்தியர் வாரத்துக்கு எவ்வளவு என்று நிச்சயம் கேட்பார். எமது ஆட்கள் 'கலியாணம், கொண்டாட்டத்துக்கு மட்டும்' என்று சொல்லிவிட்டு வருவார்கள். மொழிபெயர்க்கப் போகும் மகளுக்கு உண்மை தெரியும், தகப்பனை முன்னால் வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்?

ஊரிலுள்ள தம்பியையோ மருமகனையோ 'திருத்துவதற்கு' எங்காவது சேர்க்க வேண்டும், எவ்வளவு பணம் அனுப்பலாம் என்று கேட்டும் கடிதங்கள் வருகின்றன. நிலையங்களின் பெயரை நான் சிபாரிசு செய்வதில்லை. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம் என்று முதலில் எழுதுகிறேன். பணம் அனுப்புவதற்கு முன்னர் அந்த நிலையத்தாரிடம் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகளை. முதல் வாரத்தில் வைத்தியர் ஒருவர் உடன் இருப்பாரா? குடிக்கோ போதைக்கோ முன்பு அவனுக்கு அல்லது குடும்பத்தில் வேறு எவருக்காவது மனச்சோர்வு இருந்ததா என்று விசாரிப்பார்களா? எல்லாம் நின்று ஒரு மாதம் கழிந்த பின்னர், அவன் குடிக்கிறானா என்று மட்டும் பார்க்காமல், சிரிக்கிறானா என்று பார்க்கப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு இதுவரை ஒரேயொரு நிலையத்திடமிருந்துதான் தெளிவான பதில் வந்ததாக எனக்குத் தெரியவந்திருக்கிறது.